ஆடுபவருக்குத் தைக்கும் ஆடை

இல்லத் தொழில் பகுதி



சென்ற இதழில் பள்ளிச் சீருடைத் தையலைப் பற்றிப் பேசினோம். சீருடை வேலை ஆனி மாதத்தோடு அடங்கிவிடும். பெருநாள் துணிகள் ஆண்டுக்கு இரு முறை வரும். இவை போக மீதமுள்ள மாதங்களில் தையல் பொறியின் மேல் உறையைப் போட்டு மூடி வைத்திருக்கும் இல்லங்கள் நம்மில் ஏராளம். அத்தகைய இல்லங்களுக்கு, நம்மில் பலர் எண்ணிப் பார்த்திராத ஒரு வேலையை இத்திங்கள் அறிமுகம் செய்கிறேன். தெருக்கூத்துக் கலைஞர்களுக்கும் நாட்டுப்புற ஆட்டக்காரர்களுக்கும் உடை தைத்துக் கொடுக்கும் வேலை அது.

"கூத்துக்காரர் உடையா? அதில் என்ன இருக்கிறது? பளபளவென்று ஒரு துணி, அதைச் சுற்றி ஜரிகைப் பட்டை, அவ்வளவுதானே!" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவைத் தந்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்வதுதான் முறை.

நான் கற்ற பாடம்

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், தையல் கற்று முடித்த புதிதில், பக்கத்து ஊர்க் கூத்துக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வீடு தேடி வந்தார். அரச வேடம் கட்டுபவர். கால்சட்டை ஒன்றும் முழுக்கைச் சட்டை ஒன்றும் வேண்டுமென்றார். அவரை நேராக நிற்க வைத்து, நாடாவைச் சுற்றி, அளவுகளை எழுதிக்கொண்டேன். சிவப்பு சாட்டின் துணியில் இரண்டையும் தைத்துக் கொடுத்தேன். என் கண்ணுக்கு அவை மிக அழகாக இருந்தன. பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு அவர் மகிழ்ச்சியோடு போனார்.

மூன்றாம் நாள் காலையில் அவர் மறுபடியும் வந்தார். முகத்தில் பூசிய வண்ணம் காதோரங்களில் முழுதும் கலையவில்லை. இரவெல்லாம் விழித்த கண்கள். கையிலிருந்த பொட்டலத்தைத் திண்ணையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். கால்சட்டை கவட்டிலிருந்து முழங்கால்வரை கிழிந்திருந்தது. சட்டையின் அக்குள் இரண்டும் பிளந்திருந்தன. நடு இரவில், ஊர் முழுதும் கூடியிருந்த சபையில், அவர் சுழன்று வந்து கால் அகற்றி நின்றபோது கிழிந்ததாம். இடுப்பில் ஒரு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு விடியும்வரை ஆடி முடித்திருக்கிறார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, நீங்க நிக்கிறவனுக்குத் தச்சிருக்கீங்க. நான் ஆடுறவன்."

உள்ளேயிருந்து எங்கள் நன்னி வந்து அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குப் படிப்பில்லை, தையல் பள்ளி வாசலை மிதித்ததில்லை. பார்த்ததும் கேட்டார்: "ஏம்மா, மியானி வைக்கலையா?"

சகோதரிகளே, அந்த ஒரு கேள்வியில்தான் இந்தக் கட்டுரை முழுதும் அடங்கியிருக்கிறது. நம் பெரியவர்கள் பைஜாமாவிலும் ஜிப்பாவிலும் வைத்துத் தைத்த சின்னஞ்சிறு துண்டுகள், நாகரிகம் என்ற பெயரால் நாம் கைவிட்டவை, ஆடும் உடலுக்கு இன்றியமையாதவை. அந்தக் கைப்பழக்கம் இன்னும் சில இல்லங்களில் உயிரோடிருக்கிறது. அதற்கு விலையும் உண்டு.

கட்டைக்கூத்தும் அதன் உடையும்

யாருக்குத் தைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு தைப்பது நல்லது. தமிழகத்தின் வட பகுதியான காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் வட்டாரங்கள் தெருக்கூத்தின் தாயகம். செய்யாறு வட்டத்துப் புரிசை ஊரின் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை இக்கலையால் நாடறிந்தது. காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே செல்லும் வழியில் உள்ளது ஐயங்கார்குளம். பூமிக்கடியில் படியிறங்கிச் செல்லும் நடவாவிக் கிணற்றால் பெயர் பெற்ற சிற்றூர். சித்திரா பௌர்ணமியன்று அக்கிணற்றைக் காணப் பெருங்கூட்டம் வரும். அவ்வூரை அடுத்த புஞ்சரசந்தாங்கல் என்னும் கிராமத்தில்தான் கட்டைக்கூத்துச் சங்கம் அமைந்துள்ளது. 1990-ஆம் ஆண்டில் கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபால் அவர்களும் மற்றக் கலைஞர்களும் சேர்ந்து தொடங்கியது அச்சங்கம். நெதர்லாந்து நாட்டிலிருந்து ஆய்வுக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி புரூயின் அம்மையார் அதன் வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்டவர்.

2002 முதல் 2020 வரை அங்கே கட்டைக்கூத்துக் குருகுலம் என்ற உறைவிடப் பள்ளி நடைபெற்றது. ஏழைப் பிள்ளைகள் தங்கிப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்றார்கள். அதில் குறிப்பிடத்தக்க செய்தி, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இக்கலையைப் பெண் பிள்ளைகளும் அங்கே கற்று மேடையேறினார்கள் என்பது. இன்று அப்பள்ளி இல்லை. அங்கே பயின்றவர்கள் இருக்கிறார்கள்.

"கட்டை" என்பது என்ன? அரசர், வீரர் வேடங்களுக்கு அணியும் கிரீடம், தோள் அணிகள், மார்பணி ஆகியவை எடை குறைந்த மரத்தில் செதுக்கப்பட்டு, கண்ணாடிச் சில்லுகளும் வண்ணத் தாள்களும் ஒட்டப்பட்டவை. அந்த மர அணிகளுக்கே கட்டை என்று பெயர். அவற்றை அணியும் வேடம் கட்டை வேடம். எடை குறைந்த மரம் என்றாலும், அத்தனையும் உடலில் ஏறியபின் அது சுமைதான். அந்தச் சுமையோடு, காலில் சலங்கை கட்டி, இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை பாடி, பேசி, சுழன்று ஆட வேண்டும். மர அணி தச்சர் வேலை. நமக்கு உரியது அதற்குக் கீழே உடம்போடு ஒட்டியிருக்கும் துணி. தோளிலும் மார்பிலும் கட்டையை இழுத்துக் கட்டும் கயிறுகள் அழுத்துவதும் இந்தத் துணியைத்தான். வியர்வை முழுதும் இறங்குவதும் இதில்தான்.

கட்டை வேடத்துக்குத் துணியில் முக்கியமாக வேண்டுவன மூன்று: கால்சட்டை, முழுக்கை மேற்சட்டை, இடுப்பைச் சுற்றி அடுக்கடுக்காக விரிந்து நிற்கும் குட்டைப் பாவாடை. சுழலும்போது குடைபோல் விரிந்து பார்ப்போரைக் கவர்வது அந்தப் பாவாடை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அளவெடுக்கும் முறை

நான் செய்த முதல் தவறு நிற்க வைத்து அளவெடுத்தது. ஆடுபவருக்கு நான்கு நிலைகளில் அளவெடுங்கள். ஆண் கலைஞர் என்றால் உங்கள் வீட்டு ஆண்களில் ஒருவர் நாடாவைப் பிடிக்கட்டும். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் அளந்து சொல்லலாம்.

முதலாவது, நேராக நின்ற நிலை. இரண்டாவது, கால்களை அகற்றி முழங்காலை வெளிப்புறமாக மடித்துத் தாழ்ந்து நிற்கும் நிலை. இதில் முன் இடுப்பிலிருந்து கவட்டின் வழியாகப் பின் இடுப்புவரை அளந்தால், நேராக நின்ற அளவைவிட அது கூடியிருப்பதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். மூன்றாவது, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிய நிலை. இதில் அக்குளிலிருந்து இடுப்புவரை அளக்க வேண்டும். நான்காவது, மூச்சை நன்றாக உள்ளிழுத்து நிறுத்திய நிலையில் மார்பளவு. கூத்தில் ஆடுபவரே பாடவும் வேண்டும். மூச்சு இழுக்க இடமில்லாத சட்டை அவர் குரலை நெரித்துவிடும்.

பெண் கலைஞர்கள் கட்டை வேடம் ஏற்கும்போது ஆண்களுக்கென்று தைத்த பழைய சட்டையைப் பிடித்துச் சுருக்கிக் கொடுத்துவிடக் கூடாது. தோள் அகலமும் மார்புச் சுற்றும் இடுப்புச் சுற்றும் அவர்களுக்கு வேறு விகிதத்தில் அமைந்தவை. தனியாக அளந்து, தனியாகவே வெட்ட வேண்டும். இந்த வேலைக்குப் பெண் தையற்காரரைத்தான் அவர்கள் விரும்புவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மியானி: ஒரு சாண் துண்டின் வலிமை

சாதாரணக் கால்சட்டையில் நான்கு தையல்கள் கவட்டில் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. கால்களை அகற்றும்போது உண்டாகும் இழுப்பு முழுவதும் அந்த ஒரு புள்ளியில் விழுகிறது. நூல் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் ஒரு நாள் அது விட்டுத்தான் தீரும். நூல் தாங்கிவிட்டால் துணி கிழியும்.

அந்த இடத்தில் ஒரு சதுரத் துண்டை மூலைவாக்கில் வைத்து இணைத்தால் நான்கு தையல்களும் நான்கு மூலைகளுக்குப் பிரிந்து போகின்றன. இதைத்தான் உருது பேசும் தையற்காரர்கள் மியானி என்றார்கள். அவர்களிடமிருந்து நம் தமிழ் இல்லங்களுக்கும் அச்சொல் வந்தது. 8 அங்குலச் சதுரம் வெட்டி, சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் 7 அங்குலம் நிற்கும். அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 10 அங்குலம். அதாவது, வெளியே தெரியாமலே இரு கால்களுக்கும் இடையில் 10 அங்குல இடம் கூடுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சதுரத்தைத் துணியின் நேரிழையில் வெட்டி மூலைவாக்கில் வைப்பதால், கால் அகலும்போது இழுப்பு இழைக்குக் குறுக்கே சாய்வாக விழுகிறது. நேரிழையில் நீளாத துணி சாய்வில் சற்று நீண்டு கொடுக்கும். நம் முன்னோர் இந்தக் கணக்கை எழுதி வைக்கவில்லை; ஆனால் குதிரையேறியவர்களுக்கும் மல்யுத்தம் செய்தவர்களுக்கும் தொழுகையில் அமர்ந்தெழுந்தவர்களுக்கும் தைத்த கைகள் அதைத் தெரிந்து வைத்திருந்தன.

மேற்சட்டைக்கும் இதே மருந்துதான். அக்குளில் 5 அங்குலச் சதுரம் ஒன்றை அதே போல வைத்துத் தையுங்கள். கை தூக்கும்போது சட்டை முழுதும் மேலேறி வயிறு தெரிவது நிற்கும். மியானியின் நான்கு மூலைகளிலும் தையலை முன்னும் பின்னும் இரண்டு முறை ஓட்டி உறுதி செய்யுங்கள். மூலையில் துணியைத் தையலைத் தாண்டி வெட்டிவிடாதீர்கள். கிழிசல் தொடங்கும் இடம் அதுவே.

பாவாடைக்குக் கலிக் கணக்கு

விரிந்து சுழலும் பாவாடையை இரு வகையில் வெட்டலாம். ஒன்று, முழு வட்டமாக வெட்டுவது. மற்றொன்று, மேலே குறுகிக் கீழே அகலும் துண்டுகளை இணைப்பது. பழைய குர்தாக்களின் பக்கவாட்டில் வைக்கும் அத்துண்டுகளுக்குக் கலி என்று பெயர்.

இடுப்பு 32 அங்குலம், பாவாடை நீளம் 24 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முழு வட்டத்தில் வெட்டினால் 44 அங்குல அகலத் துணியில் இரண்டு அரைவட்டங்களாகத்தான் எடுக்க முடியும். ஏறத்தாழ 3 மீட்டர் துணி செலவாகும். மூலைகளில் வீணாகும் துணியும் மிகுதி.

கலியில் வெட்டினால் 16 துண்டுகள் போதும். ஒவ்வொரு துண்டும் தைத்தபின் மேலே 2 அங்குலம், கீழே 11 அங்குலம். மேலே மொத்தம் 32. கீழே 176 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட முழு வட்டத்தின் விரிவு. இரு பக்கத் தையலுக்கும் சேர்த்து முக்கால் அங்குலம் விட்டால், வெட்டும் அளவு மேலே இரண்டே முக்கால், கீழே பதினொன்றே முக்கால். இரண்டையும் கூட்டினால் பதினான்கரை. பதினான்கரை அங்குல அகலமும் 26 அங்குல நீளமும் கொண்ட ஒரு கட்டத்தைச் சாய்வாக ஒரே வெட்டில் வெட்டினால், ஒன்று தலைகீழாக, ஒன்று நேராக, இரண்டு கலிகள் கிடைத்துவிடும். 44 அங்குலத் துணியின் அகலத்தில் இத்தகைய கட்டங்கள் மூன்று அடங்கும். மூன்று வரிசைக்கு 78 அங்குலம், ஏறத்தாழ 2 மீட்டர். வட்ட வெட்டைவிட ஒரு மீட்டர் மிச்சம்.

அத்துடன், நமக்கு வேண்டியவை 8 கட்டங்கள்தாம். துணியில் கிடைப்பவை 9. மீந்த ஒரு கட்டத்தில் 8 அங்குல மியானி மூன்றும், அக்குளுக்கான 5 அங்குலத் துண்டுகள் ஐந்தும் எடுத்துக்கொள்ளலாம். துணியை வீணாக்காத பெண்ணின் கை இது.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, ஒவ்வொரு கலிக்கும் ஓர் ஓரம் நேரிழை, ஓர் ஓரம் சாய்வு. ஒரு துண்டின் சாய்வோரத்தை அடுத்த துண்டின் நேரோரத்தோடு சேர்த்தே தையுங்கள். சாய்வைச் சாய்வோடு சேர்த்தால் நாளடைவில் அந்தத் தையல் தொங்கிவிடும். இரண்டாவது, மேலிருந்து கீழாகத் தைத்து வாருங்கள். சாய்வோரம் நேரோரத்தைவிட ஒன்றரை அங்குலம் நீளமானது. அந்த மிகுதி கீழே வந்து நிற்கும். கடைசியில் ஒரு நாள் தொங்கவிட்டு, பிறகு வெட்டிச் சீராக்கி ஓரம் மடியுங்கள். மூன்றாவது, வெல்வெட்டுத் துணியில் இந்தத் தலைகீழ் வெட்டு ஆகாது. வெல்வெட்டின் மயிர் ஒரு திசையில் படிந்திருக்கும். ஒரு துண்டு நேராகவும் அடுத்தது தலைகீழாகவும் அமைந்தால், விளக்கொளியில் ஒன்று கறுத்தும் ஒன்று வெளுத்தும் தெரியும். சாட்டினிலும் ஓரளவு இக்குறை உண்டு. ஆகவே உள்ளடுக்குப் பருத்திப் பாவாடைகளுக்கு இம்முறையைக் கையாளுங்கள். மேலடுக்குக்குக் கூடுதல் துணி வாங்கி எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டுங்கள்.

துணி, நாடா, ஜரிகை

பார்ப்போருக்குப் பளபளப்பு வேண்டும். அணிபவருக்குப் பருத்தி வேண்டும். சாட்டினும் வெல்வெட்டும் வியர்வையை உறிஞ்சமாட்டா. உட்புறம் முழுதும் வெளுத்த காடாத் துணி அல்லது மல் துணி கொடுத்துத் தையுங்கள். உள்துணியை முதலில் நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். இல்லையேல் முதல் சலவையில் அது சுருங்கி மேல்துணியை இழுத்துக் கோணலாக்கும். சிவப்பு, நீலத் துணிகளில் ஒரு மூலையை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஓர் இரவின் வியர்வையில் ஊறும் உடை இது.

தீப்பந்தம் ஏந்தும் காட்சிகள் சில ஆட்டங்களில் உண்டு. நைலான் வலையும் மெல்லிய செயற்கைத் துணியும் தீப்பட்டால் உருகி உடம்போடு ஒட்டும். அத்தகைய ஆட்டங்களுக்குத் தைக்கிறீர்கள் என்றால் அவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள்.

ஜிப்பும் கொக்கியும் வேண்டா, நாடாவே நல்லது. இதற்குக் காரணம் இருக்கிறது. குழுவின் உடைகளை இன்று ஒருவர் அணிவார், நாளை வேறொருவர் அணிவார். நாடா எல்லா இடுப்புக்கும் பொருந்தும். நடு இரவில் ஜிப் பிய்ந்தால் அதைச் சரிசெய்ய ஆளில்லை. நாடா அறுந்தால் ஒரு முடிச்சில் காரியம் முடிந்துவிடும். அதே நோக்கத்தோடு பக்கத் தையல்களில் உள்ளே 2 அங்குலம் துணி விட்டுத் தையுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் அணிய நேர்ந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

ஜரிகைப் பட்டை, கண்ணாடி, பாசி ஆகியவற்றை உடையின் மேல் நிரந்தரமாகத் தைத்துவிடாமல், தனிப் பட்டைகளாகச் செய்து பிரஸ் பட்டன் வைத்துப் பொருத்துங்கள். சலவைக்கு முன் கழற்றிவிடலாம். இல்லையேல் ஜரிகை கறுத்துவிடும் என்ற அச்சத்தால் உடையைத் துவைக்காமலே வைத்திருப்பார்கள். வியர்வை உப்புத் துணியை அரித்துவிடும். காஞ்சிப் பட்டின் வெள்ளி ஜரிகையை எண்ணிக்கொண்டு விலையுயர்ந்ததைத் தேட வேண்டியதில்லை; மேடைக்குச் சாதாரணப் பட்டை போதும். கண்ணாடிச் சில்லின் விளிம்பை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிய பிறகே வைத்துத் தையுங்கள்.

எல்லா இணைப்புகளிலும் ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடக்கி இரட்டைத் தையல் போடுங்கள். உள்ளே பிசிறு இல்லாத உடை உடம்பை அராவாது, பிரியவும் பிரியாது.

எதில் தொடங்குவது?

கட்டை வேட உடையிலேயே தொடங்க வேண்டும் என்பதில்லை. ஒயிலாட்டக்காரர்கள் கையில் வீசி ஆடும் வண்ணத் துணிகள், இடுப்புக் கச்சைகள், தலைப்பாகைப் பட்டைகள் ஆகியவை எளியவை. ஓரம் சுருட்டித் தைக்கத் தெரிந்தால் போதும். பொய்க்கால் குதிரைக்குக் கூட்டைச் சுற்றித் தொங்கும் துணி அடுத்த படி. மரக்கால் தரையில் ஊன்றும்போது துணியின் மேல் ஏறிவிடாதபடி அதன் கீழ் ஓரம் தரையிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும். இதில் அளவு பிசகினால் ஆடுபவர் விழுவார், கால் முறியும். அழகுக்காக ஓர் அங்குலம் நீட்டிவிடாதீர்கள்.

வேலை எங்கே கிடைக்கும்? பங்குனி, சித்திரை தொடங்கி ஆடிவரை கிராமங்களில் கூத்துக் காலம். ஆகவே தை, மாசியில் குழுக்கள் உடைகளைப் புதுப்பிக்கும், பழுது பார்க்கும். நம் சீருடை வேலைக்கு முந்திய ஓய்வு மாதங்கள் இவை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகள் நடைபெறுவதால், நாட்டுப்புற ஆட்டங்களுக்குப் பிள்ளைகள் அளவில் உடைகளும் தேவைப்படுகின்றன. அருகிலுள்ள பள்ளி ஆசிரியைகளிடம் சொல்லி வையுங்கள்.

கூத்தில் நடிக்கப்படுவது பெரும்பாலும் பாரதக் கதைகள் ஆயிற்றே, நம் வீடுகளில் அதற்குத் தைப்பதா என்று தயங்குவோர் இருக்கலாம். தைப்பது தொழில், ஆடுவது அவர்கள் கலை. பிருந்தாவனத்தில் கிருஷ்ணர் சிலைகளுக்கான உடைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவருவோரில் முஸ்லிம் கைவினைஞர்கள் பலர். நம் வட்டாரத்திலேயே, செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் முத்தால் ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரர் காவலராக நிற்கிறார். அந்த மக்கள் நம்மை எந்த அளவுக்குத் தம் கதைக்குள் சேர்த்து வைத்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. இதற்கு மேல் அவரவர் உள்ளம் சொல்வதைக் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

கூலியைக் கேட்கத் தயங்காதீர்கள்

இப்பகுதியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி இது. நம் பெண்கள் துணிக்கும் நூலுக்கும் கணக்குப் பார்ப்பார்கள். தம் நேரத்துக்குக் கணக்குப் பார்க்கமாட்டார்கள். "வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே" என்பார்கள். சும்மா இருக்கும் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள்?

மேலே சொன்ன 16 கலிப் பாவாடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 26 அங்குல நீளத்தில் 16 இணைப்புகள். இரட்டைத் தையல் என்பதால் 32 ஓட்டம். கூட்டினால் 21 மீட்டருக்கு மேல். அதன் பின் 176 அங்குலக் கீழ் ஓரம். இடுப்புப் பட்டியும் நாடாவும் தனி. வெட்ட ஒரு மணி, இணைக்க மூன்று மணி, ஓரத்துக்கும் இடுப்புக்கும் ஒன்றரை மணி, இஸ்திரி போட அரை மணி என்று ஆறு மணி நேரம் ஆகிறது. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் 70 ரூபாய் மதிப்பு வைத்தால் கூலி மட்டும் 420 ரூபாய். துணி, நூல், மின்சாரம் வேறு. இதைச் சாதாரண உள்பாவாடைக் கூலிக்குத் தைத்துக் கொடுத்தால் நீங்கள் உழைப்பைத் தானம் செய்கிறீர்கள். தானம் செய்ய விரும்பினால் தெரிந்து செய்யுங்கள், தெரியாமல் இழக்காதீர்கள்.

மறுபுறம், வாங்குபவரும் செல்வர் அல்லர். கூத்துக் கலைஞர்களில் பலர் கூத்தில்லாத மாதங்களில் வயலிலும் தறியிலும் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். இரவு முழுதும் ஆடிக் கிடைக்கும் தொகையைக் குழு முழுதும் பங்கிட வேண்டும். ஆகவே கூலியைக் குறைப்பதைவிடத் தவணை கொடுப்பது நல்ல வழி. துணிக்கான பணத்தை முன்னதாக வாங்கிக்கொள்ளுங்கள். கூலியில் பாதியை உடை கொடுக்கும்போதும், மீதியைக் கூத்துக் காலம் முடிந்த பின்பும் பெறுங்கள். அந்தப் பருவம் முழுதும் தையல் விட்டால் கூலியின்றித் தைத்துக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். மியானி வைத்து இரட்டைத் தையல் போட்டவருக்கு அந்த வாக்குறுதியால் நட்டம் வராது.

எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தேதி, அளவு, வாங்கிய தொகை, தர வேண்டிய தொகை என்று நான்கு கட்டம் போதும். அளவுகளை அழிக்காமல் வைத்திருந்தால் அடுத்த தை மாதத்தில் அவர் உங்களைத்தான் தேடி வருவார்.

முடிவாக

அந்தக் கிழிந்த உடையை என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. நன்னி அருகில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கவட்டில் மியானியும் அக்குளில் துண்டுகளும் வைத்துப் புதிதாகத் தைத்தேன். சிவப்புத் துணி மீதியில்லை. வேறு வழியின்றிக் கரும்பச்சைத் துணியை வைத்தேன். மாலையில் வந்து வாங்கியவர் திண்ணைக்கு எதிரே வாசலிலேயே உடுத்திருந்த வேட்டிக்கு மேல் அதை இழுத்து மாட்டிக்கொண்டு, காலை அகற்றித் தாழ்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார். எழுந்து நின்று நன்னியைப் பார்த்துக் கும்பிட்டார். கூலி என்று அவர் நீட்டியதை நான் வாங்கவில்லை, தவறு என்னுடையது.

பச்சைத் துண்டு வெளியே தெரியவில்லையா என்று பிறகொரு முறை அவரிடம் கேட்டேன். "அது தெரியிற மாதிரி ஆடினாத்தான் அக்கா ஆட்டம்" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டில் மியானி வைக்கத் தெரிந்த மூதாட்டி ஒருவர் இருந்தால், இந்தத் திங்கள் முடிவதற்குள் ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு அவரருகில் அமருங்கள். ஒரு முறை வெட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரு முறை நீங்களே வெட்டிக் காட்டுங்கள். அவர் கைக்குத் தெரிந்தது எந்தத் தையல் புத்தகத்திலும் முழுதாக எழுதப்படவில்லை.

அடுத்த இதழில், பழைய பட்டுச் சேலைகளைப் பிரித்துப் பிள்ளைகளுக்கு உடை தைப்பதைப் பற்றிப் பேசுவோம்.